முகப்பில்லாத சிற்பம்

1945-ன் குளிர்காலத்தில், போலந்தின் லோட்ஸ் நகரில், கதார்ஷினா கோப்ரோ தன்னுடைய மரச் சிற்பங்களை அடுப்பில் போட்டு எரித்தார். வீட்டில் எரிக்க வேறொன்றும் இல்லை. எட்டு வயது மகளுக்குச் சமைக்க வேண்டியிருந்தது. மகள் நிகா பின்னாளில் தன் பெற்றோரைப் பற்றி எழுதிய நினைவுகளின் வழியாக இந்தச் செய்தி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கோப்ரோவின் பெயரை அறிந்தவர்களில் பலர் இதைத்தான் முதலில் அறிந்திருப்பார்கள். நானும் அப்படித்தான். சிற்பங்களுக்கு முன்னால் சாம்பல் வந்துவிட்டது.

கதையைக் கேட்டவுடன் ஒரு பழைய கேள்வி எழுந்து நிற்கிறது. தீப்பிடித்த வீட்டில் ஒரு மகத்தான ஓவியமும் ஓர் உயிரும் இருந்தால் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது? கலையா, வாழ்க்கையா? கூட்டம் முடிந்து வீடு திரும்பும் நடையில் நாம் எல்லோருமே ஒரு தடவையாவது இதை விவாதித்திருப்போம். விவாதம் சுவாரஸ்யமாகவே இருக்கும்; விவாதிப்பவர் எவர் வீட்டிலும் தீப்பிடித்திருக்காது. உயிர்தான் பெரிது என்பவர் கோப்ரோவை ஒரு தாயாக வணங்கிவிட்டுப் போகிறார். கலைதான் நிலைக்கும் என்பவர் ஈடுசெய்ய முடியாத நஷ்டம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். இருவருமே ஒரு விஷயத்தில் ஒத்துப் போகிறார்கள். அந்த அடுப்பின் முன்னால் ஒரு பெண் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று இருவரும் நினைக்கிறார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. தேர்வு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் இரண்டு வழிகளாவது திறந்திருக்க வேண்டும். பசித்த குழந்தையும் காய்ந்த மரமும் மட்டுமே உள்ள அறையில் எந்தத் தேர்வும் இல்லை. தேர்வுகள் வேறு இடங்களில், வேறு மனிதர்களால் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தன. 1939-ல் அந்த நகரத்தை ஜெர்மன் ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டு, அடுத்த வருஷம் அதற்கு லிட்ஸ்மன்ஷ்டாட் என்று பெயரும் மாற்றியவர்கள் செய்தார்கள். அந்த நகரத்துக்கு யுத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் செய்தார்கள். கோப்ரோவின் செய்கையைத் 'தியாகம்' என்று நாம் சொல்லும்போது, பிறர் செய்த தேர்வுகளின் பொறுப்பை மெல்ல அவர் கையில் வைத்துவிடுகிறோம். அதைப் புகழாகவும் வைக்கிறோம் என்பதால் அவரால் மறுக்கவும் முடியாது.

ஆனால் இந்தக் கட்டுரையின் விஷயம் இது மட்டுமல்ல. எரிந்தவை எப்படிப்பட்டவை என்று தெரியாமல் எரிந்ததைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

கோப்ரோ 1898-ல் மாஸ்கோவில், ஜெர்மானிய வம்சாவளித் தந்தைக்கும் ருஷ்யத் தாய்க்கும் பிறந்தவர். புரட்சிக் காலத்து மாஸ்கோவில் சிற்பம் பயின்றார். முதல் உலக யுத்தத்தில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்திருந்த விளாதிஸ்லாவ் ஸ்ட்ஷெமின்ஸ்கி என்ற ஓவியரை மணந்தார். இருவரும் ஸ்மோலென்ஸ்க் நகரில் மாலெவிச்சின் குழுவோடு தொடர்புகொண்டு இயங்கினார்கள். 1922 வாக்கில் போலந்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1929-ல் மூன்று கலைஞர்களும் இரண்டு கவிஞர்களுமாக ஐந்து பேர் 'அ.ர.' என்று ஒரு குழு அமைத்தார்கள். கோப்ரோ, ஸ்ட்ஷெமின்ஸ்கி, ஸ்டாஷெவ்ஸ்கி, கவிஞர்கள் பிஷிபோஷ், பிஷென்கோவ்ஸ்கி. இந்த ஐந்து பேர், கையில் காசில்லாமல், ஐரோப்பாவின் நவீனக் கலைஞர்களிடம் படைப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். லெஜேர், ஆர்ப், ஷ்விட்டர்ஸ் போன்றவர்களுடைய படைப்புகள் வந்து சேர்ந்தன. 1931 பிப்ரவரியில் லோட்ஸ் நகர மியூஸியத்தில் அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. நெசவாலைகள் நிறைந்த ஒரு தொழில் நகரத்துக்கு, உலகத்தின் மிக முந்திய நவீன கலைச் சேகரங்களில் ஒன்று இப்படிக் கிடைத்தது. சிறு குழுக்கள் எதையும் சாதிப்பதில்லை என்று சொல்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

அதே 1931-ல் கோப்ரோவும் ஸ்ட்ஷெமின்ஸ்கியும் சேர்ந்து வெளியின் அமைப்பைப் பற்றி, அதில் காலத்தையும் வெளியையும் இணைக்கும் லயத்தைக் கணக்கிடுவது பற்றி, ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதன் சாரத்தை என் வார்த்தைகளில் சொல்ல முயல்கிறேன். சிற்பம் என்றால் வெளியில் வைக்கப்பட்ட ஒரு கனமான பொருள் என்று காலங்காலமாக நினைத்து வந்திருக்கிறோம். அதற்கு ஓர் எல்லைக் கோடு உண்டு. கோட்டுக்கு உள்ளே சிற்பம், வெளியே வெற்றிடம். எகிப்தின் திண்ணிய உருவங்களிலிருந்து பரோக் சிற்பங்களின் சுழற்சிவரை இந்த எல்லை வடிவம் மாறியிருக்கிறதே தவிர மறையவில்லை. கோப்ரோவுக்கு இந்த எல்லையே பொய். வெளி எங்கும் ஒரே தன்மையுடையது, எங்கும் தொடர்வது. சிற்பம் அதைக் கிழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. அதன் ஒரு பகுதியாக, வெளியே தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது போல, இருக்க வேண்டும்.

இது வெறும் தத்துவமாக நிற்கவில்லை. 1929-ல் செய்த 'வெளி அமைப்பு 4' என்ற சிற்பத்தை எடுத்துக்கொள்ளலாம். வர்ணம் பூசிய எஃகுத் தகடுகள். உயரமும் அகலமும் 40 சென்டிமீட்டர், நீளம் 64. நாற்பதுக்கு அறுபத்துநான்கு என்பது ஐந்துக்கு எட்டு. இந்த 8:5 என்ற விகிதத்தின் மேல்தான் அவருடைய கணக்குகள் எழுந்தன. தகடுகளுக்கு நடுவே காற்று தடையில்லாமல் போய் வருகிறது. அடிப்படை வர்ணங்களும் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் தகட்டுக்குத் தகடு மாறுகின்றன. ஒரே பொருள் என்று கண் முடிவுகட்டிவிடாதபடி வர்ணங்கள் அதைக் கலைக்கின்றன. இங்கே ஒரு சிவப்பு, அங்கே தொலைவில் இன்னொரு சிவப்போடு உறவுகொள்கிறது. முக்கியமான விஷயம், இதற்கு முகப்பு கிடையாது. எந்தப் பக்கத்தில் நின்றாலும் அடுத்த பக்கம் எப்படியிருக்கும் என்று ஊகிக்க முடியாது. ஒரு பக்கத்திலிருந்து ஆழமாக இருந்தது, நாம் நகர்ந்தால் அகலமாக விரிகிறது. ஆகவே சுற்றி வர வேண்டும். சுற்றி வருவதற்கு நேரம் ஆகும். அந்த நேரமும் சிற்பத்தின் ஒரு பரிமாணம் என்றார் கோப்ரோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருக்குச் சிற்பம் பூஜைக்குரிய பொருளாக இருக்கவில்லை. மனிதர்கள் நடமாடி, வேலைசெய்து வாழப்போகிற இடங்களுக்கான பரிசோதனையாகத்தான் அதைக் கருதினார். முப்பதுகளின் முதல் பாதியில், தன் சிற்பங்களின் தர்க்கத்தைக்கொண்டே, குழந்தைகளுக்கான ஒரு பள்ளியைத் திட்டமிட்டார். சொந்தக் குழந்தை பிறப்பதற்கு முன்பே. நிகா பிறந்தது 1936-ல்.

இங்கேதான் எனக்கு ஒரு சபலம் ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த விஷயங்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோது ஒரு அழகான முடிவு தானாக வந்து நின்றது. சிற்பத்துக்கு எல்லை இல்லை என்றார். கடைசியில் எல்லையை நெருப்பில் கரைத்தார். சிற்பம் மனித வாழ்க்கைக்குப் பயன்பட வேண்டும் என்றார். கடைசியில் அது ஒரு குழந்தைக்குச் சோறாகப் பயன்பட்டது. அதாவது எரித்ததுதான் அவருடைய சித்தாந்தத்தின் பூர்த்தி. கட்டுரையை இங்கேயே முடித்திருந்தால் நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இது கோப்ரோவின் எண்ணம் அல்ல, என் சாமர்த்தியம். 8:5 என்று கணக்குப் போட்டு, ஒரு தகட்டின் விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்று யோசித்த ஒரு பெண், பத்தோ இருபதோ வருஷங்கள் கழித்து அந்த வேலையைத் துண்டுகளாக அடுப்பில் இடும்போது, என்னுடைய வாக்கியத்தின் முடிவுக்காக அதைச் செய்யவில்லை. பசியை ஒரு கருத்தாக மாற்றும் வித்தை நமக்கு எளிதில் கைவந்துவிடுகிறது. பிறர் வீட்டு நெருப்பில் குளிர்காய்வது என்று நம் பாஷையில் இதற்கு நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது. தாயென்று வணங்கியவரும், நஷ்டமென்று வருந்தியவரும், சித்தாந்தத்தின் பூர்த்தியென்று வியந்த நானும் ஒரே அடுப்பைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

நாங்கள் மூவரும் செய்வது என்ன? கோப்ரோ வாழ்நாளெல்லாம் எதை எதிர்த்தாரோ அதை அவர் வாழ்க்கைக்குச் செய்கிறோம். ஓர் எல்லைக்கோடு போட்டு, கனமான ஒரே பொருளாக்கி, ஒரு முகப்பும் வைத்து, பீடத்தில் ஏற்றுகிறோம். முகப்பு அடுப்பைப் பார்த்திருக்கிறது. பின்பக்கம் போய் யாரும் பார்ப்பதில்லை.

பின்பக்கம் போனால் என்ன தெரிகிறது?

1939-ல் யுத்தம் தொடங்கியதும் குடும்பம் கிழக்கே ஓடியது. 1940-ல் லோட்ஸுக்குத் திரும்பியது. ஜெர்மானியர் ஆட்சியில் மக்கள் இன வாரியாகப் பட்டியல்களில் பிரிக்கப்பட்டார்கள். எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ரொட்டியும் நிலக்கரியும் உயிரும். கோப்ரோ ருஷ்யர்கள் என்ற பட்டியலில் கையெழுத்திட்டார். யுத்தம் முடிந்தபின் இது குற்றமாயிற்று. போலிஷ் தேசியத்தைத் துறந்தவர் என்று வழக்கு. 1949-ல் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில் விடுதலையானார். தாய்க்குச் சிலை வைப்பவர்கள் இந்தப் பக்கத்தை அதிகம் பேசுவதில்லை. அந்த நீதிமன்றமோ அடுப்பைப் பார்த்திருக்காது. இரண்டும் ஒரே குழந்தைக்காகச் செய்தவையாக இருக்கலாம். நெருப்பிலிட்டது புனிதம், கையெழுத்திட்டது துரோகம் என்றால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தூரம் பார்ப்பவன் நிற்கிற இடத்தைப் பொறுத்ததாக ஆகிவிடுகிறது.

இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கணவர் வருகிறார். தாயும் தந்தையும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை மகள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தந்தை தாயை அடித்தார், ஊன்றுகோலாலும் அடித்தார். 1947-ல் பிரிந்தார்கள். மகளைத் தாயிடமிருந்து பெற அவர் கோர்ட்டுக்கும் போனார். இதே ஸ்ட்ஷெமின்ஸ்கிதான் 1948-ல் லோட்ஸ் மியூஸியத்தில் ஒரு அறையைத் திட்டமிட்டு, சுவரையும் கூரையையும் அடிப்படை வர்ணங்களில் பிரித்து, அதில் கோப்ரோவின் சிற்பங்களுக்கு இடம் அமைத்தார். வாழ்க்கையில் அடித்த மனிதன், பிரிந்த அடுத்த வருஷமே, அவருடைய கலைக்கு உலகத்தில் மிகப் பொருத்தமான அறையைக் கட்டித் தருகிறான். அறை அதிக நாள் நிற்கவில்லை. சோஷலிஸ்ட் யதார்த்தவாதம் அரசாங்கக் கொள்கையாகிவிட்ட 1950-ல் அது கலைக்கப்பட்டது. அதே வருஷம் கலைப் பள்ளியில் அவருடைய ஆசிரியர் வேலையும் பறிக்கப்பட்டது. 1951 பிப்ரவரியில் கோப்ரோ புற்றுநோயில் இறந்தார். 1952 டிசம்பரில் ஸ்ட்ஷெமின்ஸ்கி காசநோயில் இறந்தார். அறை 1960-ல் மறுபடி கட்டப்பட்டது.

போலிஷ் டைரக்டர் ஆந்த்ரே வாய்தாவின் கடைசிப் படம், 2016-ல் வந்தது, ஸ்ட்ஷெமின்ஸ்கியின் இறுதி வருஷங்களைப் பற்றியது. அதிகாரம் ஒரு கலைஞனை எப்படி அங்குலம் அங்குலமாக நசுக்குகிறது என்று காட்டும் படம். அந்த அளவில் அதில் பொய்யில்லை. ஆனால் படத்தில் மகள் வருகிறாள். கோப்ரோ திரையில் வருவதே இல்லை. நசுக்கப்பட்டவனின் முகப்பை முழுசாக நிறுத்த வேண்டுமானால், அவன் நசுக்கியவள் சட்டத்துக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. இதற்கு நேர் எதிரான படத்தையும் நாளை யாராவது எடுக்கலாம். அதில் கோப்ரோ மட்டும் நின்று, அவர் வெறும் ஊன்றுகோலாக வந்துபோவார். அதுவும் முகப்புள்ள சிலையாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது, எதைப் பற்றியும் முடிவுசொல்லாமல் நழுவும் சௌகரியமான வழிதானே? இந்த ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 'அவரவர் பார்வையில் அவரவர் நியாயம்' என்ற சோம்பேறித்தனம் போதுமான அளவு நம்மிடம் இருக்கிறது. ஆனால் கோப்ரோவின் சிற்பம் அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இடம் தருவதில்லை. அதில் முகப்பு இல்லையே தவிர அளவு இருக்கிறது. ஒவ்வொரு தகடும் மற்றத் தகடுகளோடு கணக்கான உறவில் நிற்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. அடித்தது அடித்ததுதான், அறை கட்டியது அதை ரத்து செய்யாது. ஆனால் அடித்ததும் அறையை ரத்து செய்யாது. செய்கைகளைத் தீர்ப்பிடலாம், தீர்ப்பிடத்தான் வேண்டும். ஒரு செய்கையின் தீர்ப்பை எடுத்து முழு மனிதருக்கும் முகமாக மாட்டுவதுதான் தவறு. அந்த இடத்தில் நாம் நீதிபதியாக இருப்பதை விட்டுவிட்டு மட்டமான சிற்பியாகிவிடுகிறோம்.

இதையெல்லாம் சொல்கிற நான் கோப்ரோவின் சிற்பம் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. இதைப் படிப்பவர்களிலும் பார்த்தவர் அதிகம் இருக்க மாட்டார்கள். நமக்குக் கிடைத்தவை போட்டோக்கள். போட்டோ செய்கிற முதல் காரியம், முகப்பில்லாத சிற்பத்துக்கு ஒரு முகப்பைக் கொடுப்பதுதான். 'வெளி அமைப்பு 4' என்று மனசில் நான் வைத்திருப்பது, எவரோ ஒருவர் கேமராவோடு நின்ற ஒரு இடம். என் பார்வையின் இந்த ஊனத்தை நான் தெரிந்துகொண்டதே அவருடைய சிற்பத்தைப் பற்றிப் படித்ததால்தான். கதையும் ஒரு போட்டோ என்பது அப்புறம்தான் புரிந்தது.

காணாமல் போன சிற்பங்களில் சில திரும்ப வந்திருக்கின்றன. 1920-களின் தொடக்கத்தில் கோப்ரோ செய்த தொங்கும் அமைப்புகளை, போலெஸ்லாவ் ஊட்கினும் யானுஷ் ஸக்ரோட்ஸ்கியும் 1970-களில் மறுபடி உருவாக்கினார்கள். அவை கோப்ரோவுடையவையா? கைபட்ட மரத்தையும் உலோகத்தையும் தேடுபவர் இல்லையென்பார். ஆனால் பொருளை விட உறவுதான் சிற்பம் என்று வாதிட்டவருக்கு, அந்த உறவு மறுபடி கட்டப்பட்டால் போதும் என்று இருந்திருக்கலாம். அந்தக் குளிர்கால அடுப்பிலிருந்து எழுந்த உஷ்ணத்தைத்தான் யாராலும் மறுபடி செய்ய முடியாது. அது எந்த மியூஸியத்துக்கும் சேர்ந்ததல்ல. ஒரு குழந்தையின் உடம்பில் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரானார். தாயைப் பற்றியும் தந்தையைப் பற்றியும் எழுதினார். அந்தப் புத்தகத்தின் தலைப்பில் காதல், கலை, வெறுப்பு என்ற மூன்று வார்த்தைகளும் சேர்ந்து நிற்கின்றன. மூன்றில் எதையும் அவர் விடவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். 1948-ல், நெருப்புக்கு மூன்று வருஷம் கழித்து, கணவரைப் பிரிந்து, வழக்கின் நடுவில், கோப்ரோ மறுபடி சிற்பம் செய்தார். சின்னச் சின்னப் பெண் உருவங்கள், நிர்வாணமாக. தகடுகள் இல்லை, 8:5 இல்லை. எல்லைக்கோடு உள்ள, கனமுள்ள உடம்புகள். 1920-களிலும் 30-களிலும் இடையிடையே இப்படிச் செய்திருக்கிறார் என்றாலும், எல்லையே பொய் என்று சொன்னவர் ஏன் கடைசியில் இவற்றிடம் வந்தார் என்பதற்கு அவருடைய புத்தகத்தில் பதில் இல்லை. அடுப்புக் கதையிலும் இல்லை; அந்தக் கதை 1945-லேயே முடிந்துவிடுகிறது. இந்த உருவங்களின் பக்கம் போய் நின்றால், இதுவரை நான் எழுதியதில் எவ்வளவு நிற்கும் என்று எனக்கே நிச்சயமில்லை.